ரோமா தக்காளியின் அடிப்பக்கம் கறுக்கிறது, உதவி தேவை

தொட்டியில் வைத்த ரோமா தக்காளி, காய் பச்சையாக இருக்கும்போதே அடிப்பக்கம் கறுத்து, தோல் போல வறண்டு உள்ளே அமுங்கிவிடுகிறது. புழு இல்லை. இலையெல்லாம் நல்ல கரும்பச்சை. பக்கத்திலேயே அதே மண்கலவையில் இருக்கும் செர்ரி தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் குழப்பமாக இருக்கிறது.

உறைபனிக் காலம் முடிந்து மே கடைசியில் நட்டது. 20 லிட்டர் தொட்டி, தெற்குச் சுவர் ஓரம், நாள் முழுக்க வெயில். ஜூலையில் முதல் கொத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மண்ணின் பி.எச். 6.5. வாரம் ஒருமுறை தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமுள்ள திரவ உரம் கொடுக்கிறேன்.

கால்சியம் குறைவோ என்று முட்டை ஓட்டுத் தூள் போட்டாயிற்று, இலைமேல் கால்சியமும் தெளித்தாயிற்று. அப்புறம் வைக்கோல் மூடாக்கு போட்டு, தினமும் காலையில் ஒரே அளவு தண்ணீர். இரண்டாவது கொத்தும் அப்படியே கறுக்கிறது. இவ்வளவு செழிப்பான செடியைப் பிடுங்க மனசு வரவில்லை.

அந்தத் தழைச்சத்து உரத்தை நிறுத்தினால் அடுத்த கொத்தாவது தேறுமா?