சென்னைக்குள் போய்வருதல்: ஏறும் இடமும் இறங்கும் இடமும்

நுங்கம்பாக்கத்திலிருந்து:

கடந்த டிசம்பர் மழையில் தெருவோரம் நின்றிருந்த என் காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால், அது பணிமனையிலிருந்து திரும்பும் வரை மூன்று வாரங்கள் பெரம்பூர்–பெசன்ட் நகர் 29சி பேருந்தில்தான் அடையாற்றிலுள்ள அலுவலகத்துக்குச் சென்று வந்தேன். கல்லூரிக் காலத்துக்குப் பின் இருபது ஆண்டுகளாக மாநகரப் பேருந்தில் ஏறியதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நடத்துநர் பின்வாசலை ஒட்டிய தம் இருக்கையை விட்டு எழாமலிருக்க, முன்பக்கம் நிற்பவர் நீட்டும் ஐம்பது ரூபாய்த் தாள் "அடையாறு ஒண்ணு" என்ற சொல்லோடு ஆறு கைகள் மாறிப் பின்னால் போய், சில்லறையைச் சீட்டுக்குள் மடித்து வைத்த சிறு பொட்டலமாக அதே ஆறு கைகள் வழியே திரும்பி வரும் வழக்கம் சற்றும் மாறவில்லை. மூன்று வாரத்தில் எனக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஒருமுறை ஐந்து ரூபாய் கூடுதலாக வந்தது. அதைத் திருப்பி அனுப்பியபோதுதான் பேருந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது.

சிக்கல் இறங்குவதில்தான். நிறுத்தத்துக்கென ஒதுக்கிய இடத்தில் இரண்டு கார்களும் மூன்று ஆட்டோக்களும் நின்றதால், ஓட்டுநர் சாலையின் நடுவிலேயே பேருந்தை நிறுத்தினார். நான் தரையில் கால் வைக்கப் போன நொடியில், பேருந்துக்கும் அந்தக் கார்களுக்கும் இடையிலிருந்த சந்தில் ஒரு பைக் பாய்ந்து போயிற்று. பின்னால் நின்ற அம்மாள் என் தோள்பையைப் பிடித்து இழுத்தார். "இடப்பக்கம் பாத்து எறங்கு சார், பஸ் நின்னா மத்த வண்டியும் நிக்குமா?" என்றார். நின்றிருந்த கார்களைத் திட்ட வாயெடுத்தேன். அதே இடத்தில் என் காரை நிறுத்திக்கொண்டு எத்தனையோ முறை தொலைபேசியில் பேசியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வரவே, பேசாமல் நடந்துவிட்டேன்.

மேற்கு மாம்பலத்திலிருந்து:

என் அனுபவம் 72 வயதான அம்மாவைப் பற்றியது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டதும், ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபடாமல் கூட்டிச் செல்லலாம் என்று அவரை மேலே அழைத்துப் போனேன். பாதித் தூரத்தில் கீழே எட்டிப் பார்த்தவர், "இங்க மல்லிப்பூ யாருடி விப்பா?" என்று கேட்டார். திரும்பும்போது கீழ்வழியாகத்தான் வந்தோம்.

சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை என்றாலும், அதன் உயரமான முதற்படிக்கு அம்மாவின் முழங்கால் ஒத்துழைப்பதில்லை. 2024-இல் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துக்குச் சீட்டு வாங்க வேண்டும். தைலம் வாங்குவதைவிட அது மலிவு என்பது அவர் கணக்கு. அந்தப் பேருந்து ஏறுபவர்களுக்காக இடப்பக்கம் சற்றே சாய்ந்து கொடுக்கும். ஆனால் நடைபாதையிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றுவிட்டால், சாய்ந்து என்ன பயன்? சாலையில் இறங்கித்தான் ஏற வேண்டும். ஒருநாள் ஓர் ஓட்டுநர் அம்மாவின் கைத்தடியைப் பார்த்துவிட்டு, முன்னால் நின்ற ஆட்டோ நகரும் வரை ஹாரன் அடித்துக் காத்திருந்து, நடைபாதையை உரசும்படி கொண்டுவந்து நிறுத்தினார். பின் இருக்கையில் இருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். அம்மா காதில் விழாததுபோல் ஏறி அமர்ந்தார்.

அசோக் நகரிலிருந்து:

நான் சைக்கிள்காரன். சென்னை மேடுபள்ளமற்ற ஊர். இங்கே மலையேற்றம் என்று ஏதாவது இருந்தால், அது துரைசாமி சுரங்கப்பாதையின் மறுமுனை ஏற்றமும் 1973-இல் கட்டிய அண்ணா மேம்பாலமும்தான். வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம், ஏழரை மணிக்குள் கிளம்பிவிட்டால் போதும்.

நுங்கம்பாக்கத்து நண்பர் சொன்ன அந்த இடப்பக்கச் சந்து எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் நானும் அதில் நுழைந்தவன்தான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பேருந்து என்னை முந்தும், நின்றதும் நான் அதை முந்துவேன். இப்படியே இரண்டு கிலோமீட்டர் போன பிறகு, ஒரு சிக்னலில் அதன் ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். ஏச்சு விழப் போகிறது என்று நினைத்தேன். "தம்பி, ஸ்டாப்புல நான் நின்னா பின்னாடியே நில்லு. இடப்பக்கம் பூந்தீன்னா கண்ணாடியில உன் தலைகூடத் தெரியாது" என்றார். அன்று முதல் காத்திருக்கிறேன். நாள் ஒன்றுக்கு ஐந்தாறு நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். இதைவிட அதிக நேரம் என் அலுவலக வாசலில் போகிறது: காருக்கும் பைக்கிற்கும் முன்வாசல், சைக்கிளுக்கு மட்டும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்வாசல்.

மந்தைவெளியிலிருந்து:

நடப்பவன் பங்குக்கு ஒன்று. 2019-இல் திறந்த பாண்டி பஜார் அகல நடைபாதையில் கைவீசி நடக்கலாம். எங்கள் பக்கம் நடைபாதை ஒரு மின்பெட்டியில் முட்டி நின்றுவிடுகிறது. முட்டும் இடம் வரை அதுவும் பைக்குகளுக்குத்தான். சென்ற வாரம் எனக்குப் பின்னால் ஹாரன் ஒலித்தபோது நான் வழக்கம்போல் ஒதுங்கினேன். எனக்கு முன்னால் நடந்த பெரியவர் ஒதுங்கவில்லை. குடையைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் நடந்தார். பைக்காரர் மின்பெட்டி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

நுங்கம்பாக்கத்திலிருந்து மீண்டும்:

கார் திரும்பிவிட்டது. இரண்டாம் நாளே கைபேசி ஒலிக்க, கை தானாக வண்டியை அதே நிறுத்தத்துக்குள் ஒடித்தது. பின்கண்ணாடியில் 29சி தெரிந்ததும் நகர்த்திவிட்டேன். அடுத்த அரைக் கிலோமீட்டருக்கு நிறுத்த எங்குமே இடமில்லை. அழைப்பு தானாகத் துண்டித்துக்கொண்டது.