தொட்டிக்கட்டு வீட்டில் பிக்காசோ: இலவச நுழைவு நம்ம ஊருக்கு ஒத்துவருமா?

திருப்பூர்_நூல்காரன்:
ஜனவரியில் ஒரு துணிக் கண்காட்சிக்காகக் கொலம்பியாவின் மெடலின் நகருக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில் தலைநகர் பொகோட்டாவில் ஒன்றரை நாள் சும்மா கிடைத்தது. நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். அந்த ஊர் 2,640 மீட்டர். அவ்வளவு உயரத்தில் ஒரு பெருநகரமே உட்கார்ந்திருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

பழைய ஊர்ப் பகுதியில் பொட்டெரோ அருங்காட்சியகம் என்று ஒன்று. ஸ்பானியர் காலத்து மாளிகை, 1955 வரை பேராயரின் இருப்பிடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, நான் போனது புதன்கிழமை என்பதால் தப்பித்தேன். வாசலில் பர்ஸை எடுத்தேன். காவலர் பையை மட்டும் திறந்து பார்த்துவிட்டு உள்ளே கை காட்டினார். டிக்கெட்டே கிடையாது!

உள்ளே வெண்கலத்தில் கொழுத்த கை ஒன்று. அப்புறம் நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், மேலே ஓடு. காங்கேயம் பக்கம் எங்க தாத்தாவின் தொட்டிக்கட்டு வீட்டுக்குள் நிற்பது போலவே இருந்தது. தொட்டியில் மழைத்தண்ணீருக்குப் பதில் நீரூற்று, அவ்வளவுதான்.

ஓவியர் ஃபெர்னாண்டோ பொட்டெரோ எதை வரைந்தாலும் குண்டாகத்தான் வரைந்தார். மனிதன், குதிரை, ஆரஞ்சுப் பழம் எல்லாம். 2000-இல் நாட்டின் மத்திய வங்கிக்கு 208 படைப்புகளைக் கொடுத்தார். 123 அவருடையவை. மீதி 85, அவர் சேர்த்து வைத்திருந்த பிக்காசோ, மோனே, டாலி வகையறா. மக்கள் காசு கொடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அவருடைய குண்டு மோனலிசா முன்னால் சீருடை போட்ட பையன் ஒருவன் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றான். கூட வந்ததுகள் தரையில் உட்கார்ந்து சிரிக்கின்றன. யாரும் அதட்டவில்லை.

கேட்க வந்தது இதுதான். நம்ம பக்கம் இடிந்துகொண்டிருக்கும் பழைய பங்களா ஒன்றையோ தொட்டிக்கட்டு வீடு ஒன்றையோ இப்படி ஆக்கி, காசு வாங்காமல் திறந்துவிட்டால் என்ன?

ஈரோடு_கணக்குப்பிள்ளை:
படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலவசம் என்று ஒன்று கிடையாதுங்க. அங்கே செலவு செய்வது மத்திய வங்கி, அதாவது நம்ம ரிசர்வ் வங்கி மாதிரி. அந்த ஊர்க்காரன் டிக்கெட்டில் கொடுக்காததை வேறு வழியில் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றையும் நீங்கள் சொல்லவில்லை. அதே வங்கி அதே ஊரில் தங்க அருங்காட்சியகமும் நடத்துகிறது. ஸ்பானியர் வருவதற்கு முந்தைய பொன் வேலைப்பாடுகள், 30,000-க்கும் மேல். அங்கே கட்டணம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இலவசம். அதுதான் கணக்குத் தெரிந்தவன் செய்கிற வேலை. நம்ம ஊரில் ஓசியில் விட்டால் மூன்றாம் மாதம் தூணில் ஆணியால் இதயம் கீறி, அம்பு விட்டு, இரண்டு பேர் பெயரும் எழுதியிருக்கும். பத்து ரூபாயாவது வாங்குங்கள்.

பவானி_ஜமக்காளம்:
கோயிலில் தர்ம தரிசனத்துக்குக் காசா வாங்குகிறார்கள்? அங்கே செருப்பைக் கழற்றி விட்டுத்தானே போகிறோம். மரியாதை டிக்கெட்டில் வருவதில்லை, கணக்குப்பிள்ளை.

ஈரோடு_கணக்குப்பிள்ளை:
கோயிலில் சாமி பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற பயம் இருக்கிறது தம்பி. பிக்காசோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யாரும் பயப்பட மாட்டான். அதோடு, தர்ம தரிசன வரிசைக்குப் பக்கத்திலேயே சிறப்பு தரிசன வரிசையும் போவதை நீங்கள் பார்த்ததில்லையா?

கோத்தகிரி_மூடுபனி:
காசுப் பேச்சு இருக்கட்டும். பழைய பங்களா என்றதும் ஏன் எல்லாருக்கும் கண் சொக்கிப்போகிறது?

எங்க ஊருக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பங்களா இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். 1868 வரை நீலகிரியும் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தானே இருந்தது. அது பாழடைந்து கிடந்து, பிறகு சீர்செய்யப்பட்டு இப்போது காட்சியகமாக இருக்கிறது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊட்டியில் அவர் கட்டிய கல் வீடு தோடர்களின் நிலத்தில்தானே எழும்பியது? துரையின் பெயர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கல் சுமந்தவர்கள் பெயர் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். பொகோட்டாவிலும் முய்ஸ்கா மக்களின் மண்ணில்தான் 1538-இல் ஸ்பானியர் ஊர் வைத்தார்கள். முய்ஸ்கா மக்கள் செய்த பொன்னைப் பார்க்கக் காசு. அந்த நிலத்தில் எழும்பிய மாளிகையைப் பார்க்க இலவசம். வேடிக்கையாக இல்லை?

திருப்பூர்_நூல்காரன்:
அம்மணி, அது உறைக்கத்தான் செய்கிறது. அங்கே நின்றபோது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கொழுத்த கையைப் போட்டோ எடுப்பதிலேயே இருந்துவிட்டேன்.

கோபி_ட்ராயிங்_வாத்தியார்:
நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். பத்து ரூபாயா இலவசமா என்று நீங்கள் சண்டை போடுவது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

போன வருடம் 42 பிள்ளைகளை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். டிக்கெட் மொத்தமும் நானூறு சொச்சம், அதை என் பாக்கெட்டிலிருந்து கொடுத்துவிட்டேன். வண்டி வாடகை ஒன்பதாயிரம். அதைச் சேர்க்க மூன்று மாதம் ஆனது. ஒரு பெற்றோர் மஞ்சள் விற்ற காசில் ஐந்நூறு கொடுத்தார். போய் இறங்கினால், ஒரு சிறுமி சிலைக்குப் பக்கத்தில் போய் நின்றதற்கே வாட்ச்மேன் விசில் அடித்தார். அது தொடவில்லை, விரலை மடக்கி முதுகுக்குப் பின்னால்தான் வைத்திருந்தது. அப்புறம் 42-உம் வரிசையாகக் கை கட்டிக்கொண்டு சுற்றி வந்தன, ஆஸ்பத்திரிக்குள் போவது போல. பஸ்ஸில் திரும்பி வரும்போது என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "ஃபேன் பெருசா இருந்துச்சுங்க சார்" என்றான் ஒருவன்.

சரி, இருப்பதையாவது பார்த்தோமா? கோவையில் காஸ் வனவியல் அருங்காட்சியகம் 1902-இல் திறந்தது. அவிநாசி ரோட்டில், ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவின் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன் பெயரில் கலைக்கூடம் இருக்கிறது. இந்த இழையில் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறீர்கள்?

பவானி_ஜமக்காளம்:
அவிநாசி ரோட்டில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன் சார். உள்ளே போனதில்லை.

ஈரோடு_கணக்குப்பிள்ளை:
வாத்தியார் சொன்ன வாட்ச்மேனைப் பற்றித்தான் நானும் சொல்ல வந்தேன். எங்க அப்பா வேட்டி, தோளில் துண்டு, காலில் டயர் செருப்பு. ஒருமுறை இலவசம் என்று எழுதியிருந்த ஒரு கண்காட்சிக்குள் போனார். "எங்க போறீங்க பெரியவரே?" என்று கேட்டான் காவலுக்கு நின்றவன். எனக்கு முன்னால் பேன்ட் போட்டுப் போனவனை அவன் கேட்கவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். கையில் ஒரு சீட்டு இருந்திருந்தால் அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டியிருப்பார். நான் டிக்கெட் கேட்பது கஞ்சத்தனத்தால் இல்லைங்க. ஐந்து ரூபாய் கொடுத்தவனை யாரும் எதுக்கு வந்தாய் என்று கேட்க முடியாது.

கோத்தகிரி_மூடுபனி:
அப்படியானால் மாற்ற வேண்டியது காவல்காரரை. அதற்கு உங்க அப்பாவிடம் ஐந்து ரூபாய் வாங்குவது என்ன நியாயம்? இலவசமாகவே ஒரு சீட்டைக் கிழித்துக் கையில் கொடுங்கள்.

ஈரோடு_கணக்குப்பிள்ளை:
ம்ம். அது ஆகும். ஆனாலும் வாசலில் ஓர் உண்டியல் இருக்கட்டும்.

வெள்ளகோவில்_கொத்தனார்:
நாற்பது வருடமாகப் பழைய வீடு பிரிக்கிற வேலை பார்க்கிறேன். கட்டுகிற வேலையைவிடப் பிரிக்கிற வேலைதான் அதிகம் வருகிறது. தொட்டிக்கட்டு வீடு என்றால் தேக்குத் தூண், கதவு, கதவுநிலை எல்லாம் வியாபாரி முன்பணம் கொடுத்து எடுத்துக்கொள்வார். ஓடு ஒரு லோடு, கல் ஒரு லோடு. மண்சுவர் மட்டும் வீட்டுக்காரருக்கு மிஞ்சும்.

நூல்காரர் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஊர் வருடம் முழுக்க ஊட்டிக் குளிர். நம்ம ஊரில் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடிக்கும். தொட்டி திறந்திருக்கிற வீட்டில் துணியில் வரைந்த படத்தை மாட்டினால் ஒரே வருடத்தில் பூஞ்சை பிடித்துவிடும். உத்திரத்தில் கரையான் வேறு. படத்தை மாட்டுவதாக இருந்தால் கதவு வைத்த அறைக்குள் மாட்டுங்கள். தாழ்வாரத்தில் கல்லும் மண்பாண்டமும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முதலில் ஓடு மாற்ற வேண்டும். ஒழுகுகிற வீட்டில் இலவசமாக இருந்தால் என்ன, காசு வாங்கினால் என்ன?

திருப்பூர்_நூல்காரன்:
கொத்தனாரண்ணா, எங்க தாத்தா வீட்டில் கிழக்குப் பக்கம் உங்களைப் போல ஒருவர் பிரித்துப் போய்விட்டார். மேற்குப் பக்கமும் தொட்டியும் இன்னும் நிற்கின்றன. பெரியப்பா மாட்டுத் தீவன மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார். அதைத் தொட வேண்டுமானால் ஏழு பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் டெக்சாஸில். இன்னொருவர் எங்களோடு பேசுவதில்லை. பொட்டெரோவுக்கு இந்தத் தொந்தரவு இருந்திருக்காது.

அதற்குள் வாத்தியார் 42 பிள்ளைகளோடு ஒருநாள் வந்து அந்த வீட்டை வரைந்து பார்க்கட்டும். தூணைத் தொடலாம், தொட்டியில் இறங்கலாம். விசில் அடிக்க அங்கே ஒரு கிடாரிதான் இருக்கிறது. வண்டி வாடகை என் பொறுப்பு.

கோபி_ட்ராயிங்_வாத்தியார்:
தேதி சொல்லுங்கள். இப்போது 45 பிள்ளைகள்.