ஆளுக்கு 12,000 ரூபாய் போனது, யார் கேஸ் போடுவது? சட்டத்தை மாற்ற வேண்டாமா?

பல்லாவரத்தான்:
எங்கள் பக்கத்து ஜிம் ஒன்று வருடச் சந்தா வாங்கிக்கொண்டு கொஞ்ச நாளிலேயே ஷட்டரை இறக்கிவிட்டது. ஆளுக்கு 12,000. வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பேர் கத்துகிறோம், ஆனால் கேஸ் என்றதும் "வக்கீலுக்கே அதைவிட அதிகம் ஆகும்" என்று ஒவ்வொருவராக நழுவுகிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்காகப் போட முடியாதா?

கறுப்புக்கோட்டு:
போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 35(1)(சி). ஒரே குறை உள்ள எல்லாருக்காகவும் ஒருவரே போடலாம், ஆனால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அனுமதிக்க வேண்டும், அங்கேதான் இடிக்கும். பெங்களூரில் 1,134 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர், வீடு வாங்கிய எல்லாருக்காகவும் என்று அப்படித்தான் போனார்கள். எல்லாருடைய குறையும் ஒன்றுதான் என்று மனுவிலேயே காட்டவில்லை, உங்களுக்காக மட்டும் கூட்டாக நடத்திக்கொள்ளுங்கள் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களும் வருகிறவர்களை மட்டும் சேர்த்துக் கூட்டு மனுவாகப் போடுங்கள். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடம் தாண்டவிடாதீர்கள்.

மாம்பலம் மணி:
சட்டத்தில் எல்லாம் இருக்கிறது சார், 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறது, வாய்தா வாங்கி அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் மாற்ற வேண்டியது வக்கீல் கூலி விஷயத்தை. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று இங்கே வக்கீல் பேசக் கூடாது, பார் கவுன்சில் விதி. அப்புறம் 12,000 ரூபாய் கேஸை எவர் தொடுவார்? தோற்ற கம்பெனியே எதிர்த் தரப்பு வக்கீலின் நியாயமான கூலியைக் கட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினால் போதும், ஜிம்காரன் அடுத்த முறை யோசிப்பான்.

சான் ஹோசே சங்கர்:
மணி, அதில் ஆபத்தும் உண்டு. கலிபோர்னியாவில் 2004 வரை பத்து பைசா நஷ்டம் ஆகாதவர்கூடப் பொதுமக்கள் சார்பில் என்று வழக்குப் போடலாம். ஒரு வக்கீல் கும்பல் மெக்கானிக் கடைகள், சின்ன ஓட்டல்கள் மேல் கொத்துக் கொத்தாகக் கேஸ் போட்டு, பணம் கொடுத்தால் விட்டுவிடுகிறேன் என்று மிரட்டியது. கடைசியில் அந்த வருடம் நவம்பரில் மக்கள் வாக்களித்து 64-ஆவது முன்மொழிவைக் கொண்டுவந்தார்கள்: பணமோ பொருளோ இழந்தவர்தான் தனியாக வழக்குப் போடலாம்.

மாம்பலம் மணி:
அந்த நிபந்தனை இருக்கட்டுமே, எனக்கு ஆட்சேபணை இல்லை. இங்கே இவர்கள் எல்லாருமே இழந்தவர்கள்தானே. பொய்க் கேஸுக்குப் பயந்து நிஜக் கேஸையும் தடுத்தால் எப்படி?

பல்லாவரத்தான்:
சரி, ரசீது வைத்திருப்பவர்கள் மட்டும் வாருங்கள் என்று குழுவில் போட்டிருக்கிறேன். கறுப்புக்கோட்டு சார், ஜிபே-யில் கட்டியவர்களிடம் ரசீது இல்லை, வங்கி ஸ்டேட்மென்ட் போதுமா?

கறுப்புக்கோட்டு:
போதும். பணம் போனது யாருடைய கணக்குக்கு என்று பாருங்கள், உரிமையாளரின் சொந்தக் கணக்கு என்றால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.