ஆக்ராய்டு கொலை: வாசகர் ஏமாற்றப்பட்டாரா?

(முடிவு பேசப்படுவதால், நாவலைப் படிக்காதவர்கள் இந்த இழையைத் தவிர்க்கவும்.)

கடைசிப்பக்கம்:
அகதா கிறிஸ்டி எழுதி 1926-இல் நூலாக வெளிவந்த ரோஜர் ஆக்ராய்டு கொலை நாவலில், கதைசொல்லியான டாக்டர் ஷெப்பர்டே கொலையாளி. துப்பறியும் கதையை ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையிலான நேர்மையான போட்டியாகக் கருதும் எனக்கு இது ஏற்புடையதன்று. 1929-இல் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் வகுத்த பத்து விதிகளுள் முதலாவது, எவருடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர்கிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கலாகாது என்கிறது.

வேங்கைமரம்:
நண்பரே, நாவலுக்குப் பின் வந்த விதியைக் கொண்டு நாவலை எடைபோடுவது முறையாகாது. மேலும், ஷெப்பர்டு பொய் எழுதவில்லை. தாம் ஆக்ராய்டின் அறையில் இருந்தபோது அவருக்குக் கடிதம் இரவு எட்டு நாற்பதுக்கு வந்தது, எட்டு ஐம்பதுக்குத் தாம் புறப்பட்டது, கதவுப்பிடியில் கைவைத்தபடி செய்ய வேண்டியது ஏதும் விடுபட்டதா என்று திரும்பிப் பார்த்தது ஆகிய அனைத்தையும் அவரே பதிவுசெய்கிறார். கொலை நடந்தது அந்தப் பத்து நிமிடங்களுக்குள்தான். இடம் மாறிய நாற்காலியும், டிக்டபோன் என்னும் குரல்பதிவுக் கருவியின் விற்பனையாளர் வந்துபோன செய்தியும்கூட நம் கண்முன்னே வைக்கப்பட்டுள்ளன.

கடைசிப்பக்கம்:
தடயங்கள் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்டியின் வெளிவந்த முதல் நாவலான ஸ்டைல்ஸ் மர்மத்தோடு (1920) ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிக்னின் கலந்த டானிக்கில் புரோமைடு தூளைச் சேர்த்தால் நஞ்சு அடியில் படிந்து, கடைசி வேளை மருந்து உயிரைக் குடிக்கும். முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றிய அனுபவம் தந்த நுட்பம் அது. அங்கே வாசகரின் நம்பிக்கை சுரண்டப்படவில்லை.

மருந்துக்கடை:
மருந்தாளுநர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்த வேதியியல் சரியானதுதான் என்றாலும், எங்கள் தொழிலில் இல்லாத வாசகர் அதை ஊகித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வேங்கைமரம்:
ஆகவேதான் ஆக்ராய்டை நான் உயர்த்திப் பிடிக்கிறேன். அதற்கு எந்தச் சிறப்பறிவும் தேவையில்லை.

கடைசிப்பக்கம்:
அறியாமையால் தோற்பது வேறு, நம்பியவரால் தோற்பது வேறு. வழக்கைப் பதிவுசெய்பவரையே சந்தேகிக்க வேண்டும் என்றால், எந்தச் செய்தியை ஆதாரமாகக் கொண்டு நான் சிந்திப்பது?

வேங்கைமரம்:
அவர் தரும் நேரக்கணக்கையே ஆதாரமாகக் கொள்ளலாம். எட்டு ஐம்பதுக்கு அறையை விட்டவர் வெளிவாயிலைக் கடக்கும்போது மணி ஒன்பது அடிக்கிறது. ஐந்து நிமிட நடைக்குப் பத்து நிமிடம் ஏன் ஆனது என்று துப்பறிவாளர் போய்ரோ கேட்கிறார். அதே கேள்வியை நாமும் கேட்டிருக்க முடியும்.