‘மெலொதி’க்குத் தமிழில் ‘பாவிசை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கவிதையைக் குரலுக்கும் பியானோவுக்கும் என இசையமைத்த பாடல்வகையைப் பிரெஞ்சுக்காரர் ‘மெலொதி’ என்பர். நம் கலைச்சொல் பதிவுக்காக இதற்கு முன்மொழியப்பட்ட ‘மெல்லிசை’யை என்னால் ஏற்க இயலவில்லை. திரைப்பாடலில் நாம் ‘மெலடி’ என்று குறிப்பிடும் இதமான மெட்டையே அது நினைவூட்டும்; இங்கோ மெட்டின் இனிமை அடையாளமன்று, கவிதை முன்பே தனித்து நிற்பதுதான் அடையாளம். பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபில் கோத்தியே 1838இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து ஆறு கவிதைகளை எடுத்து இசையமைப்பாளர் பெர்லியோஸ் ‘கோடை இரவுகள்’ என்னும் கோவையை 1841இல் பியானோவுடன் பதிப்பித்தார். கவிஞர் வெர்லேனின் ‘நிலவொளி’க்கு ஃபோரே 1887இல் இசையமைத்தார், தெபுஸ்ஸியோ அதே கவிதைக்கு இருமுறை, வெவ்வேறாக அமைத்தார். இசைகள் பல, கவிதை ஒன்று.

அக்கவிதையின் யாப்பையும் சற்றே பார்க்க வேண்டும். நிலவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான ‘லூன்’ பேச்சில் ஓரசை. செய்யுளில் மெய்யெழுத்து பின்தொடர்ந்தால் அதன் ஈற்றில் உள்ள மெல்லிய உயிரும் அசையாக எண்ணப்படும், உயிர் பின்தொடர்ந்தால் கெடும். நாகு, அரிது என்பவை ‘நாகரிது’ எனப் புணரும்போது குற்றியலுகரம் கெடுவதை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பேச்சில் மறையும் அவ்வுயிருக்கு ஒரு சுரம் தருவதா, அதை எவ்வளவு மெலிதாக விடுவது என்பதெல்லாம் இசையமைப்பாளர் முன் நிற்கும் கேள்விகள். ஆகவே ‘பா’ என்னும் சொல் கலைச்சொல்லில் இடம்பெறுவது பொருத்தமே.

‘கலைப்பாடல்’ என்ற மாற்றும் நல்லதுதான். ஆனால் அது ஜெர்மானியரின் ‘லீட்’ என்னும் பாடல்வகை உள்ளிட்ட அனைத்துக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும். மெலொதியைப் ‘பிரெஞ்சுப் பாவிசை’ எனலாம். அச்சில் வரி உடைந்து முதல் வரியில் ‘பாவி’ மட்டும் நின்றுவிடும் என்று ஒருவர் கேலி செய்தார். சொல்லைக் கைவிட அது போதிய காரணமன்று. பதிவில் அச்சொல்லை உடைக்காமல் விட்டால் போதும்.

பியானோவைப் ‘பக்கவாத்தியம்’ என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டுகிறேன். நம் கச்சேரியில் வயலின் கலைஞர் பாடகரைப் பின்தொடர்ந்து அவ்விடத்திலேயே வாசிப்பார். மெலொதியில் பியானோவின் ஒவ்வொரு சுரமும் எழுதப்பட்டிருக்கும். ஃபோரேயின் ‘நிலவொளி’யில் பியானோ தன் போக்கில் ஒரு மினுவெட் நடனத்தை வாசித்துக்கொண்டிருக்க, அது முடியக் காத்திராமல் குரல் இடையில் வந்து சேர்கிறது. பின்தொடர்வது யார் என்றே சொல்ல முடியாத இவ்வுறவுக்கு ‘இணைவாசிப்பு’ தகும்.

பதிவுக்கான வரைவு: பாவிசை — தனித்து இயற்றப்பட்ட கவிதைக்கு, குரலும் பியானோவின் இணைவாசிப்பும் அமைய எழுதப்பட்ட இசை. மறுப்பிருப்பின் மாற்றுச்சொல்லுடன் எழுதுங்கள்.