க்ரோனோ பொய் சொன்னது, பழி துப்பாக்கி மேல்: ஏர்கன் வேகம் அளந்த அனுபவங்கள்

என் கதையை முதலில் சொல்கிறேன். காற்றழுத்தத்தில் சுடும் ஸ்பிரிங் பிஸ்டன் ஏர்கன், 4.5 மி.மீ., 0.53 கிராம் தட்டைமூக்கு பெல்லட் (ஈயக் குண்டு). பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவியான க்ரோனோ, பல மாதங்களாக நொடிக்கு 172 மீட்டர், ஒன்று இரண்டு கூடக்குறைய, சலிக்காமல் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மாலை அறைக்குள் வைத்துச் சுட்டேன். 171, 172, 298, பிழை, 172, மறுபடி பிழை. 298 வருகிற துப்பாக்கியா இது? பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் எரிகிறது, டீசலிங்தான் என்று நானே முடிவு கட்டி, மறுநாள் முழுக்கத் துப்பாக்கியைப் பிரித்துப் பரப்பினேன். சிலிண்டரைத் துடைத்தேன், பிஸ்டன் சீலையும் மாற்றினேன். மாலையில் சேர்த்து முடித்துச் சுட்டால் 172, 305, பிழை.

தலைக்கு மேலே பழைய சோக் வைத்த டியூப் லைட் எரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

க்ரோனோ செய்வது ஒன்றே ஒன்று. 30 செ.மீ. இடைவெளியில் வெளிச்சத்தை உணரும் இரண்டு போட்டோ டையோடுகள், அதாவது கருவியின் 'கண்கள்', மேலே இருக்கிற வெள்ளைத் தகட்டைப் பார்த்தபடி இருக்கின்றன. பெல்லட்டின் நிழல் முதல் கண்ணில் விழுந்ததும் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் விழுந்ததும் நிற்கும். 172 என்றால் அந்த 30 செ.மீ.யைக் கடக்க 1.74 மில்லிநொடி. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று வருகிற இடத்தில் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். நம் கண்ணுக்குத் தெரியாது, டையோடுக்கு நன்றாகத் தெரியும். அந்த மங்கலை பெல்லட் என்று நினைத்துக்கொண்டால் 298 என்ன, எதை வேண்டுமானாலும் காட்டும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் எல்இடி பட்டையைத் தகட்டுக்கு மேல் ஒட்டினேன். அன்றோடு அந்தக் கோளாறு போனது. குண்டு பல்பு கூடப் போதும்.

இரண்டாவது கூத்து இன்னும் மோசம். துப்பாக்கி மேல் மாட்டிய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வழியாகப் பார்த்தால் இரண்டு கண்களுக்கு மேலும் வழி தாராளமாக இருந்தது. சுட்டேன், 'டப்' என்று பிளாஸ்டிக் உடையும் சத்தம். ஸ்கோப் இருப்பது குழலுக்கு 4 செ.மீ. மேலே. ஒரு மீட்டர் தூரத்தில் நாம் பார்க்கிற கோட்டுக்குக் கிட்டத்தட்ட அதே 4 செ.மீ. கீழேதான் பெல்லட் போகும். ஸ்கோப்பில் தெரிகிற வழி வேறு, பெல்லட் போகிற வழி வேறு! இரண்டாவது சென்சாரின் மூடியில் ஈயம் ஒரு சாம்பல் கோடு இழுத்துப் போயிருந்தது.

நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். போர்டுக்குச் சேதம் இல்லை. டையோடின் ஒரு கால் மட்டும் ஒடிந்து, வெள்ளி முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. கழற்றிய டையோடை மல்டிமீட்டரில் பிடித்து விளக்கைக் காட்டினேன், மீட்டரின் முள் அசையவே இல்லை. முதல் சென்சாரில் இருந்த நல்ல டையோடையும் கழற்றி அதே போலப் பார்த்தால் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது, விரலால் மறைத்தால் சரிந்தது. ஆக அதே எண் போட்ட டையோடு இரண்டு வாங்கினேன். ஒன்று புதிது ஒன்று பழையது என்று வைத்தால் இரண்டும் ஒரே வேகத்தில் எதிர்வினை காட்டாமல் போகலாம், அதனால் ஜோடியாக மாற்றுவதே நல்லது. முதல் தடவை ஒன்றைத் திசை மாற்றிச் சால்டர் செய்து அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தது தனிக் கதை.

சரி, சுட்டுப் பார்த்தேன். 175, 175, 176. புது பிஸ்டன் சீல் வேலை செய்கிறது என்று மனம் குளிர்ந்தது. பெல்லட்டின் ஆற்றல் 7.8 ஜூலிலிருந்து 8.1 ஜூல். ஒரு வாரம் அந்தப் பெருமையோடு திரிந்தேன்.

அப்புறம் நண்பர் தன் க்ரோனோவைக் கொண்டுவந்தார். இரண்டையும் வரிசையாக வைத்தோம். என்னுடையது முன்னால்: 175, பின்னால் அவருடையது 171. போகிற வழியில் காற்று பிடித்து வேகம் குறையும், ஆனால் அவ்வளவு குறையாதே. இடம் மாற்றினோம். அவருடையது முன்னால் 172, பின்னால் என்னுடையது 174! பின்னால் இருப்பது எப்படி அதிகம் காட்டும்? மூடியைத் திறந்து அளவுகோல் வைத்தேன். புது டையோடின் காலை நீளமாக விட்டிருந்ததால் அது உள்பக்கமாகச் சாய்ந்து, இடைவெளி 295 மி.மீ. ஆகியிருந்தது. கருவி 300 என்றே கணக்குப் போடுகிறது. 5 மி.மீ.க்கு 1.7 சதவீதம், அதுதான் அந்த 3 மீட்டர்.

உங்களுக்கு என்னென்ன நடந்தது? எழுதுங்கள்.

*

எனக்கு நடந்தது பிசிபி துப்பாக்கியில், அதாவது முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடுவதில். குழல் முனையை முதல் சென்சாருக்கு நான்கு விரல் தள்ளி வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். எண்கள் ஏறுமாறாக வந்தன. பெல்லட்டுக்கு முன்னும் பின்னும் பீறிட்டு வரும் காற்று சென்சாரைத் தட்டிவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. ஒரு மீட்டர் பின்னால் போனதும் ஒழுங்காகிவிட்டது. இன்னொன்று, என் க்ரோனோ மடக்கிப் பிரிக்கிற மாதிரி. கீலில் ஒரு சின்னக் கல் மாட்டி முழுக்கப் பிரியாமல் இருந்ததால் நானும் ஒரு நாள் 'அதிக வேகம்' கண்டு மகிழ்ந்தவன்தான். தகட்டைத் தாங்கும் இரும்புக் கம்பிகளை எடுத்துவிட்டு மரக் குச்சி வையுங்கள். பட்டாலும் குச்சி ஒடியும், அவ்வளவுதான். கம்பி என்றால் அடியின் அதிர்ச்சி நேரே கருவிக்கு இறங்கும்.

*

298 வந்த அன்றே ஒரு களிமண் உருண்டை இருந்திருந்தால் துப்பாக்கியைப் பிரித்திருக்க வேண்டாம். பெஞ்சமின் ராபின்ஸ் 1742இல் எழுதிய ஊசல் முறைதான், டையோடும் இல்லை, பேட்டரியும் இல்லை. 500 கிராம் களிமண்ணை ஒரு மீட்டர் நூலில் தொங்கவிட்டு, பின்னால் ஒரு அட்டைத் துண்டை மெல்ல ஒட்டினாற்போல் நிறுத்தி வைப்பேன். பெல்லட் மண்ணில் புதைந்ததும் உருண்டை எவ்வளவு தள்ளியதோ அங்கேயே அட்டை நின்றுவிடும். 0.53 கிராம், 172 என்றால் சுமார் 5.8 செ.மீ. நகர வேண்டும். 298 என்றால் 10 செ.மீ. ஒரே சுடலில் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் 172க்கும் 175க்கும் உள்ள வித்தியாசம் இதில் ஒரு மில்லிமீட்டர் என்பதால் அதைப் பிடிக்க ஊசலால் ஆகாது. சுடுவதற்கு முன் உருண்டைக்குப் பின்னால் கனமான தடுப்பு வையுங்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை ஓரத்தில் பட்டு பெல்லட் வெளியே வந்தது.

*

என்னுடையதில் கோளாறு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வெயிலில் சுட்டால் பிழை, மேகம் வந்தால் சரி. சென்சாரைத் துடைத்தேன், உள்ளே சிலந்தி வலை. எடுத்தும் பிழை. கடைசியில் பார்த்தால் தரையில் விரித்திருந்த வெள்ளைத் துணியிலிருந்து வெளிச்சம் எகிறி, பளபளக்கும் பெல்லட்டின் அடிவயிறு மின்னுகிறது. நிழலே விழவில்லை! பெல்லட்டின் அடியை மார்க்கரால் கறுப்பாக்கினேன், துணியையும் எடுத்தேன். 9 வோல்ட் பேட்டரியைச் சும்மா அளந்தால் 8.6 காட்டும், கருவி ஓடும்போது அளந்தால் 6க்கு இறங்கும். அதையும் பாருங்கள்.

*

நான்தான் மறுபடியும். டையோடின் காலை வெட்டிச் சாய்வை எடுத்து, இரண்டு கண்ணுக்கும் 300 மி.மீ. வைத்து ஒரு துளி எபாக்சி பசை போட்டு இறுக்கியாயிற்று. களிமண்ணும் செய்து பார்த்தேன், 5.7, 5.9, 5.8 செ.மீ. க்ரோனோவில் 171, 173, 172. சீல் மாற்றுவதற்கு முன்பிருந்த அதே 172.