பள்ளிப் பிள்ளைகளிடம் போதைப் பழக்கம் பற்றி சர்வே: எல்லோரும் "இல்லை" என்றே எழுதுகிறார்கள்

மன்னை_சமூகப்பணி:
வணக்கம். சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். திருவாரூர் மாவட்டத்தில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் புகையிலை, மது, கஞ்சா, அப்புறம் மொபைல் கேம் எல்லாம் சேர்த்து சர்வே எடுக்கிறேன். முன்னோட்டமாக ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். "புகையிலை பயன்படுத்துவதுண்டா?" என்றதற்கு ஒருத்தர் விடாமல் "இல்லை". ஆனால் அந்தப் பள்ளிச் சுவருக்குப் பின்னால் வாய்க்கால் கரை முழுக்க கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கிற புகையிலை) டப்பா கிடக்கிறது. வகுப்பாசிரியர் கூடவே நின்றதாலா? எப்படிக் கேட்டால் உண்மை வரும்?

தஞ்சை_மருத்துவர்:
ஆசிரியர் நின்றால் அந்தத் தாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதும்மா. பெயர், வரிசை எண் வேண்டாம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயப்படுவார்கள், அதனால் டிக் அடிக்கிற கேள்வி மட்டும் வையுங்கள், முடித்ததும் அவர்களே பெட்டியில் போடட்டும். இன்னொன்று, "ஆம் என்றால் அடுத்த நான்கு கேள்விக்கும் பதில் எழுது" என்று வைக்கவே கூடாது, "இல்லை" போட்டவன் சீக்கிரம் முடித்துவிடுவான், யார் இன்னும் குனிந்து எழுதுகிறான் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரிந்துபோகும். இல்லாத ஒரு போதைப்பொருள் பெயரையும் நடுவில் போடுங்கள், அதற்கும் டிக் அடித்த தாள் விளையாட்டுக்கு நிரப்பியதாக இருக்கலாம், அதைத் தனியே எடுத்து வையுங்கள். 2019 உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 13–15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. உங்களுக்கு ஒன்றுமே வரவில்லை என்றால் கேட்ட விதத்தில்தான் கோளாறு.

நாகை_வாத்தியார்:
டாக்டர் சொன்னது சரி, நானே ஆசிரியர்தான், நாங்கள் வெளியே போய்விட வேண்டும். "புகையிலை" என்றால் பையன் பீடி சிகரெட்டைத்தான் நினைப்பான், உதட்டுக்குள் வைப்பதை அவன் கணக்கிலேயே சேர்க்க மாட்டான். கூல் லிப், ஹான்ஸ் என்று பெயர் சொல்லி, கடந்த 30 நாளில் எத்தனை நாள் என்று கேளுங்கள். எங்கே வாங்கினாய் என்பதையும் சேருங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003 முதல் சட்டமே இருக்கிறது, குட்காவுக்கு இங்கே 2013 முதல் தடை, இருந்தும் பிள்ளை கைக்கு வருகிறது. அறுவடை, நடவு நேரத்தில் போகாதீர்கள். வேலைக்குப் போய்க் கையில் காசு புழங்குகிற பையன்கள் அன்றைக்கு வகுப்பில் இருக்க மாட்டார்கள், நீங்கள் பார்க்க வேண்டியதே அவர்களைத்தான்.

மன்னை_சமூகப்பணி:
ரொம்ப நன்றி சார், டாக்டர். கேமுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்டிருக்கிறேன், போதுமா?

தஞ்சை_மருத்துவர்:
போதாது. லீவு நாளில் நாலு மணி நேரம் ஆடுகிறவன் எல்லாம் அடிமை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 பார்ப்பது வேறு: நிறுத்த நினைத்தும் முடியவில்லையா, மற்ற வேலைகளை விட அதுவே முக்கியமாகிவிட்டதா, படிப்பும் தூக்கமும் கெட்ட பிறகும் தொடர்கிறதா, இது பொதுவாக 12 மாதம் நீடிக்கிறதா. பெற்றோர் சம்மதம், பிள்ளையின் சம்மதம் இரண்டும் வாங்குங்கள். முடிவை வகுப்புவாரியாகப் பள்ளியிடம் கொடுக்காதீர்கள், அடுத்த நாளே பையைச் சோதனை போடுவார்கள். 14416 (மனநல உதவி), 1098 (குழந்தைகள் உதவி) இரண்டு எண்ணையும் தாளின் கடைசியில் அச்சடித்து, எல்லோருமே கிழித்து எடுத்துப் போகச் சொல்லுங்கள், அப்போதுதான் தேவைப்படுகிற பிள்ளையும் கூச்சமில்லாமல் எடுக்கும்.